கண்டனம் என்னுஞ் சொல்லின் வரலாறு

இக்காலத்துக் கண்டனம் என்னுஞ் சொல்லைக் கேட்டோர் உள்ளத்தில் முதற்கண் எழுவது ஒரு கூட்டமும், அதன்கண் நிறைவேறிய ஒரு தீர்மானமும், தீர்மானத்தை எடுத்துரைப்போர் எழுப்பும் ஆரவாரமுமேயாம். ஒருவர் செய்கை தமக்கு உடன்பாடன்று என்பதனை வன்மையாக அறிவித்தலே கண்டனம் என்று பலரும் கொண்டுள்ளனர். இப்பொருள் பிழையன்று, ஆயினும் இஃது அச்சொல்லின் பொருள்களுள் மிகப் பிற்பட்டது. இதனை மாத்திரம் அறிந்தார் ஒருவர் பழைய சைவநூல்களின் அட்டவணையை எடுத்து, ‘கண்டனம்’, ‘மறுப்பு’, ‘நிராகரணம்’ என்னும் பெயர்களைக் காணும்பொழுது, இவை யாவும் பிறரை வைதெழுதிய ஏடுகள்போலும் என்றெண்ணி ஒதுக்கிவிடுகின்றார். மற்றொரு சாரார், வைதல்தானே கண்டனம் என்று தெளிந்து, காரணம் ஒன்றுங் கூறாது வைது, தாம் முன்னோர் நெறியில் நின்று கண்டித்துவிட்டதாக மகிழ்கின்றனர். ஒருவர் நல்ல நூலை இழக்கின்றார். மற்றவர் நல்ல நெறியை இழக்கின்றார். இரண்டிற்கும் வாயில் ஒரு சொல்லின் பொருள் திரிந்தமையே.

கண்டனம் வடசொல். துண்டித்தல், கூறாக வெட்டுதல் என்னும் பொருளுடைய ‘கண்ட்’ என்னுந் தாதுவிற் பிறந்தது. அத்தாதுவின் முதலெழுத்து வடமொழியில் வல்லொலியோடு மூச்சொலியும் உடன்விரவியது. தமிழெழுத்தில் அவ்வேறுபாடு தோன்றாமையின், முற்றும் வேறான பல சொற்கள் தமிழில் ஒரே உருவம் எய்தின. துண்டு என்னும் பொருட்டாகிய கண்டம் ஒன்று. பரதகண்டம், நவகண்டம் என்புழி நிற்பது அதுவே. மிடறு என்னும் பொருட்டாகிய கண்டம் மற்றொன்று. நஞ்சுண்டு கறுத்த இறைவன் மிடற்றைத் திருநீலகண்டம் என்று வழங்குதற்கண் உள்ளது இது. உயிர்க்கு நேரும் இடையூறு என்னும் பொருளில் ‘கண்டம் தப்பினான்’ என உலகர் கூறும் கண்டம் பிறிதொன்று. இவற்றோடு கன்னட நாட்டு வழக்கினின்றும் வந்த கண்டன் என்பதோ வீரன், தலைவன் என்னும் பொருளது. தில்லைக்குத் திருவிசைப்பாப் பாடிய சோழ மன்னராகிய கண்டராதித்தர் பெயரின் முற்பகுதி அதுவேயாகலின், அப்பெயரில் வெட்டுதலுமில்லை, மிடறுமில்லை. உருவொற்றுமை கண்டு பொருளொற்றுமை துணிவோர் இவ்விடத்தே இடறி வீழ்தல் எளிது.

துண்டு என்னும் பொருளையுடைய கண்டமே ஈண்டைக்கு வேண்டுவது. இதன் குடும்பம் பெரிது. பகுக்கப்படாத முழுமை அகண்டம்; இறைவனை அகண்டப் பொருள் என்று சான்றோர் கூறுவது அதனால். உடல் துணிபட்டது கண்டதுண்டம். தன்னுடலைத் தானே ஒன்பது கூறாக அரிந்து கொற்றவைக்குப் பலிகொடுத்தல் நவகண்டம். அவ்வாறு கொடுத்தாருடைய சிற்பங்கள் தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் இன்றும் உள்ளன. தாளவகையுள் ஐந்தெண்ணிக்கை கொண்டது கண்டசாதி எனப்படும். கருப்பஞ் சாற்றைக் காய்ச்சி உறையச்செய்து கட்டியாக உடைத்த சருக்கரையும் வடமொழியிற் கண்டமே. கற்போல் இறுகிய அது தமிழிற் கற்கண்டாயிற்று. பாரசீகரும் அராபியரும் அதனைத் தத்தம் நாவிற்கேற்பத் திரித்து மேனாட்டிற் சேர்த்தனர். ஆங்கிலேயர் மிட்டாயைக் ‘கேண்டி’ என்பதும் அதன் வழித்தே. கடுஞ்சொல்லையும் இன்சுவைப் பண்டத்தையும் ஒரு வேர் ஈன்றமை வியப்பேயாயினும், இவ்விரண்டையும் ஒருங்கு சேர்த்து ஒரு நூலுக்குப் பெயரிட்ட புலவரும் உளர். அவர் செய்தி பின்னர் வரும்.

வெட்டுதலைக் குறிக்குஞ் சொல் தீர்ப்பையும் கடிந்துரையையும் குறிக்க வந்தது எங்ஙனம்? இதற்கு வடமொழியினும் தமிழே தெளிவான விடை தருகின்றது. துணித்தல் என்பது வெட்டுதல், துணிதல் என்பது ஐயம் நீங்கி ஒரு முடிவு கொள்ளுதல், அம்முடிவு துணிபு. அறுத்தல் என்பது வெட்டுதல். அறுதியிடுதல் என்பது முடிவு கட்டுதல். வரையறை என்பதிலும் அவ்வறுத்தலே உளது. தீர்தல் என்பது ஒழிதலும் முடிதலுமாம்; அதனின்றும் பிறந்தது தீர்ப்பு. இது பொருளோ அது பொருளோ என இருபாற்பட்டு ஊசலாடும் உள்ளம் ஒருபால் வெட்டுண்டு வீழ்ந்தவழியன்றி மறுபாலில் நிலைபெறாது. ஆதலின் வெட்டுதலும் தேறுதலும் ஒரு தொழிலின் இரு முகங்கள் என்று தமிழர் கண்டனர். கண்டித்தல் என்னும் வினை தமிழிற் புகுந்தபொழுது இத்தடத்திலேயே நடந்தது. ‘கண்டிதமாகச் சொன்னான்’ என்றால் மறுபேச்சுக்கு இடமின்றி அறுதியிட்டுச் சொன்னான் என்பதே பொருள். ‘கண்டிப்பாக வருவேன்’ என்று உறுதி கூறுவான் எவரையும் கடிந்துரைத்தானல்லன், ஐயத்தை வெட்டினான். இவ்வழக்கு வீடுதோறும் இன்றும் உள்ளதாகவும், கண்டனம் என்னும் பெயர்ச்சொல் மாத்திரம் சினத்தின் பெயராய்ச் சுருங்கியது நோக்கத்தக்கது.

இனி, சாத்திர வழக்கிற் கண்டனம் இன்னதென்பது. கௌதமர் நியாய நூலின்கண் சொற்போர் மூவகைப்படும்: உண்மை காண்டற்பொருட்டு நிகழ்வது வாதம், வெற்றிபெறுதற்பொருட்டுத் தன்கோள் நாட்டிப் பிறர்கோள் மறுப்பது சல்பம், தனக்கென ஒரு கோளும் நாட்டாது பிறர்கோளை மாத்திரம் மறுப்பது விதண்டை. (இம்மூன்றாவதும் இக்காலத்தில் விதண்டாவாதம் என்னும் பெயரால் வீண்வழக்கிற்கே உரியதாய்விட்டது.) வாதிப்போர் தோற்றமையை அறிதற்குரிய இடங்கள் இருபத்திரண்டு என்று அந்நூல் வகுத்து, அவற்றை நிக்கிரகத்தானம் என்று பெயரிட்டது, தமிழ்த் தருக்கநூலார் தோல்வித்தானம் என்பர். எடுத்த பொருளோடு இயையாத பிறிதொன்றைப் பேசப் புகுவதும் அவற்றுள் ஒன்று. ஆகவே எதிரியின் குலம், ஊர், ஒழுக்கம், உருவம் என்றிவற்றைக் குறித்துப் பேசத் தொடங்கினான் ஒருவன், அக்கணமே தோற்றானாவன் என்பது அந்நூலின்படியே பெறப்படும். கண்டனம் செய்வான் கையில் உள்ள வாள் எதிரியின் கழுத்துக்கு உரியதன்று. அவன் கூறிய ஏதுவுக்கே உரியது. வெட்டுண்பது ஏது.

இப்பொருளிற் கண்டனம் என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டு புகழ்பெற்ற நூல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடநாட்டில் வாழ்ந்த ஸ்ரீஹர்ஷர் இயற்றிய ‘கண்டனகண்டகாத்தியம்’. பெயரின் முற்பாதியிலுள்ள கண்டனம் மறுத்தல். பிற்பாதியிலுள்ள கண்டம் சருக்கரை. எனவே அது ‘மறுப்பாகிய சருக்கரைப் பண்டம்’ என்றவாறு. பொருள்களுக்கு நியாய நூலார் கூறும் இலக்கணங்கள் ஒன்றும் நிலைபெறா என்று காட்டுதலே அதன் தொழில். நிடதநாட்டு நளன் கதையைக் காவியமாகப் பாடியவரும் இவரே. அக்காவியத்தைத் தழுவியே அதிவீரராம பாண்டியர் தமிழில் நைடதம் பாடினார். கண்டனத்தாற் கடியர் என்று எண்ணப்படும் ஒருவர் தமிழர்க்குக் காவியத்தால் இனியராய் அறிமுகமாயினமை நினைவிற்கொள்ளத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மத்துவாசாரியர் மாயாவாத கண்டனம், உபாதி கண்டனம், பிரபஞ்சமித்தியாத்துவ அனுமான கண்டனம் என மூன்று சிறு நூல்கள் செய்தனர். அவை கண்டனத் திரயம் எனப்படும். ஏகான்மவாதியாகிய ஸ்ரீஹர்ஷரும், அவ்வாதத்திற்கு முற்றும் மாறாகிய மத்துவரும் ஒரே சொல்லைத் தத்தம் நூற்குப் பெயராகக் கொண்டனர். சொல் எக்கட்சிக்கும் உரியதன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

தமிழ்நூலார் இச்செயலைக் குறித்தற்குக் கண்டனம் என்னுஞ் சொல்லை எதிர்நோக்கியிருந்தாரல்லர். நூல் செய்வார்க்கு உரிய ஏழுவகை மதங்களை நன்னூலார் எண்ணும்பொழுது, பிறர் கொள்கையை மறுத்தலும், அதனை முதற்கண் ஏற்றுப் பின்னர்க் களைதலும், பிறர் நூலின் குற்றங் காட்டலும் அவற்றுள் அடங்கும். இம்மூன்றையும் அவர் நூலுக்கு இழுக்காகக் கூறவில்லை. நூலின் இயல்பாகவே கூறினார். மணிமேகலையிற் சமயக்கணக்கர் தத்தம் கோட்பாட்டைத் தாமே உரைக்கும் காதையை நோக்குக. அளவைவாதி முதலாகப் பலரும் தம்மதத்தைத் தம்வாயாலேயே சொல்லிமுடிக்க, அவள் கேட்கின்றாள். கேளாது மறுத்தல் ஆங்கில்லை. குண்டலகேசி என்னும் பௌத்த காவியத்திற்கு எதிராகச் சமணர் செய்த நீலகேசியும் ஊர்தொறும் சென்று வாதிகளைக் கண்டு அவர் கூற்றைக் கேட்டே விடைகூறுகின்றது. இதன் பயன் யாது? குண்டலகேசி முழுவதும் மறைந்தது. இன்று எஞ்சிய சில பாடல்கள் தொகைநூலாகிய புறத்திரட்டாலும் உரைகளாலும் கிடைத்தன. அதன் கருத்து எத்திறத்தது என்று அறிதற்கு, அதனை மறுத்த நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையுமே பெருந்துணை செய்கின்றன. பகைவன் வீட்டில் வைத்த பொருள் தன் வீடு எரிந்தபின் தப்பிநின்றதை ஒக்கும் இது.

சைவ சாத்திரங்களுள் இந்நெறியின் முதிர்ச்சி அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியாரின் பரபக்கத்திற் காணப்படும். உலகாயதன், பௌத்தர் நால்வர், நிகண்டவாதி, ஆசீவகன், பட்டாசாரியன், பிரபாகரன், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியன், நிரீச்சுரசாங்கியன், பாஞ்சராத்திரி எனப் பதினால்வர் கொள்கைகள் அதன்கண் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொருவர்க்கும் முதலில் ‘மதம்’, பின்னர் ‘மறுதலை’. மதம் கூறும் பாடல்களில் ஆசிரியர் எதிரியின் நாவாகவே நின்று பேசுகின்றார். உலகாயதன் காட்சியன்றி அளவை வேறில்லை என்று சாதிக்கும் பகுதியை மாத்திரம் தனியே பிரித்து ஒருவர் கையிற் கொடுத்தால், இது சைவாசாரியர் வாக்கு என்று அவர் எளிதில் நம்பார். அத்துணை எடுப்பும் கேலியும் மிடுக்கும் அதில் உள. எதிரியை வலிகுன்றியவனாகக் காட்டி வெல்லுதல் வெற்றியன்று என்பது ஆசிரியர் கொள்கை போலும். மறுதலை கூறுமிடத்து அவர்பாலும் கடுஞ்சொல் இல்லாமலில்லை. உலகாயதனை நோக்கி எள்ளி நகையாடும் இடங்கள் சில உண்டு. ஆனால் எள்ளலுக்கு முன் ஏது வந்துவிடுகின்றது. பரபக்கத்தை அடுத்துச் சுபக்கம் வருகின்றது. அஃதாவது பிறர்கோள் மறுத்தவர் தம்கோள் இன்னதென்று நாட்டாது விடவில்லை. வடவர் ‘கண்டனம்’, ‘மண்டனம்’ என்று இணைத்துக் கூறுவதும் இதுவே. மண்டனம் என்பது அணிசெய்தல். தன் கொள்கையை நிறுவுதல் என்னும் பொருளில் வழங்கும். கண்டனம் மாத்திரம் செய்து நிற்பவன் வீட்டை இடித்து வெளியிடத்தில் நிற்பவனாவன்.

உமாபதி சிவாசாரியார் சக ஆண்டு 1235, அஃதாவது கி. பி. 1313 இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. அருணந்தியார் மறுத்தவருட் பெரும்பாலார் புறத்தார். உமாபதியார் மறுத்த ஒன்பதின்மருட் பாடாணவாதி, பேதவாதி, சிவசமவாதி, சங்கிராந்தவாதி, ஈசுவர அவிகாரவாதி, சைவவாதி முதலாயினோர் சைவத்தின் அணிமையிலும் அகத்திலும் உள்ளோர். தம்மோடு ஒரே நீறணிந்து ஒரே ஐந்தெழுத்தை ஓதுவாரை மறுத்தல், புறத்தாரை மறுத்தலினும் அரிது. நட்பும் உறவும் இடைநின்று நாவைத் தடுக்கும். அவர் தேர்ந்த சொல்லையும் நோக்குக. சங்கற்பம் என்பது ஒருவர் கொண்ட கருத்து. நிராகரணம் என்பது அதனை விலக்கி அப்புறப்படுத்துதல். வெட்டுதல் என்னும் கருத்துகூட அச்சொல்லில் இல்லை. அகத்தாரைக் குறித்த நூலுக்கு இம்மெல்லிய பெயரை இட்டமை தற்செயல் என்று தோன்றவில்லை.

ஒருநிலையில், ஆசிரியர்கள் வாளினும் வலிய கருவிகளையும் நூற்பெயரில் ஏற்றினர். அப்பைய தீட்சிதர் மத்துவ மதத்திற்கு எதிராகச் செய்த நூலின் பெயர் ‘முகமர்த்தனம்’ என்று முடிவது. தமிழில் இவ்வழக்கின் சிகரமாய் விளங்குபவர் 1785 இல் சிவபதமெய்திய மாதவச் சிவஞான சுவாமிகள். இலக்கண விளக்கத்தின்மேல் அவர் எழுதியது ‘சூறாவளி’. சித்தியார்ச் செய்யுளொன்றில் வந்த ‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லுக்குக் கூறிய உரையைக் காத்தற்கு எழுதியது ‘வைரக்குப்பாயம்’. ஒரு சொல்லின்மேல் அம்பு தைக்கின்றது என்று கண்டு, அச்சொல்லுக்கு வயிரத்தாற் கவசம் தைத்து இட்டார். ஞானப்பிரகாச முனிவர் சித்தியாருக்கு எழுதிய உரையை மறுத்தது ‘சிவசமவாதவுரை மறுப்பு’. இவற்றுள் இக்கட்டுரைக்கு மிக அணித்தாகியது ‘சித்தாந்த மரபு கண்டன கண்டனம்’. சித்தாந்த மரபின்மேல் எழுந்த ஒரு கண்டனத்தை அவர் கண்டித்தார். ஆதலிற் கண்டனத்தின் கண்டனம். வெட்டப்பட்ட ஏதுவை வெட்டிய வாளையே வெட்டுதல் என்று கூறலாம். சுவாமிகள் உரைநடை கூர்மையும் ஏளனமும் நிறைந்தது. எதிராளர் கூற்றை ‘என்னையோ’ என்று வினாவித் தகர்க்கும் வேகம் கற்பார் நெஞ்சைத் துணுக்குறச் செய்யும். எனினும் ஒருவர் உரையை மறுக்கப் புகுந்தவிடத்து அவ்வுரையின் சொற்களை எடுத்துக் காட்டியே மறுத்தார்.

இதுகாறும் கூறியது பிறர்கோள் மறுத்தலாகிய கண்டனம். தன்னைச் சார்ந்தாரைத் திருத்தற்பொருட்டுக் கடிந்துரைப்பது வேறொரு செயல். அதற்குத் தமிழில் இடித்தல், கழறல், கடிதல் என்னுஞ் சொற்கள் தொன்றுதொட்டு உள. நட்பின் பயன் நகைத்து மகிழ்தலன்று, நெறி பிறழ்ந்துழி இடித்துரைத்தல் என்று திருவள்ளுவனார் கொண்டனர். ‘குற்றங்கடிதல்’ என்று ஓரதிகாரமே வகுத்த அவர், கடியப்படும் குற்றத்தைத் தன்னிடத்திலிருந்தே தொடங்குமாறு கூறினார். அகப்பொருளிற் பாங்கன் தலைவனைக் கழறுதல் அறியப்பட்டதே. கழறுதலுக்குச் சொல்லுதல் என்னும் பொதுப்பொருளும் உண்டு. எல்லா உயிர்களும் கழறியவற்றை அறியும் பேறு பெற்றமையாற் சேரமான் பெருமாணாயனார் கழறிற்றறிவார் ஆயினர். பெற்றோர் பிள்ளையைக் கண்டித்தல் என்று உலகர் கூறுவது இவ்வகைக் கழறலே. அதன் உயிர் அன்பு. சித்தியாரும் இறைவன் செய்யும் நிக்கிரகத்திற்குத் தந்தை தாயர் மக்களை ஒறுத்தலையே உவமையாக எடுத்து, அதனையும் அருளின் கூறாகவே நாட்டியது. தருக்கநூலில் தோல்வியைக் குறித்த அதே நிக்கிரகம் என்னுஞ் சொல் சைவத்தில் மறக்கருணைக்குப் பெயராயினமை காண்க.

ஆக, மறுத்தற் பொருளில் ஒரு கண்டனமும், திருத்தற் பொருளில் ஒரு கண்டித்தலும் தத்தம் எல்லையில் நின்றன. முன்னையதற்கு வேண்டுவது ஏது. பின்னையதற்கு வேண்டுவது உறவு. ஏதுவுமின்றி உறவுமின்றி நிகழ்வது நிந்தை அல்லது தூஷணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரம் பெருகியபொழுது இவ்வெல்லைகள் கலங்கின.

கலக்கத்தின் விதை அதற்கும் முன்னரே ஊன்றப்பட்டது. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி பதினேழாம் நூற்றாண்டில் தம் மதத்தின்மேற் கூறப்பட்ட குற்றங்களுக்கு விடையாகத் ‘தூஷண திக்காரம்’ எழுதினார். வீரமாமுனிவர் தரங்கம்பாடி உலுத்தரன் மதத்தாரை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’ என்பவற்றை எழுதினார். கிறித்தவர் தம்முள் நிகழ்த்திய கண்டனம் தமிழ்ச் சொல்லாடை உடுத்தது இங்ஙனம். துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இயற்றியதாகக் கூறப்படும் ‘ஏசுமத நிராகரணம்’ இறந்துபட்டது. பெயரளவில் நோக்கின், உமாபதியார் ஆண்ட சொல்லை அவர் புறமதத்தின்பால் ஏற்றினார் என்பது தெரிகின்றது. 1854 இல் யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் ‘சைவதூஷணபரிகாரம்’ வெளியிட்டார். பெயரிற் கண்டனம் இல்லை. தூஷணம் செய்தவர் பிறர். தாம் செய்வது அதற்குப் பரிகாரம் என்பதே அவர் கூற்று. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு கொண்டமையால் அந்நூலை அவர் வரிவரியாக அறிந்திருந்தார். திருக்கோயில், திருவிளக்கு, நறும்புகை, நைவேத்தியம், தூய்மைவிதி முதலியவற்றைப் பாதிரிமார் பழித்தபொழுது, அவற்றை ஒத்தன யூதர் ஆலய வழிபாட்டில் அவர்தம் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலை இடஞ்சுட்டிக் காட்டினார். எதிரியின் நூலை எதிரியினும் நன்கு கற்று விடைகூறியமையின், இது பரபக்கத்தின் வழித்தோன்றலே என்பதில் ஐயமில்லை.

அவரே 1869 இல் ‘போலியருட்பா மறுப்பு’ வெளியிட்ட செய்தி வேறு சுவையுடையது. 1867 இல் இராமலிங்க அடிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் நால்வர் முதலாயினோர் வாக்குக்கே உரியன என்பது நாவலர் தரப்பு. உள்ளம் உருகிப் பாடிய அருளாளர் வாக்கு எதுவாயினும் அருட்பாவே என்பது அடிகள் அன்பர் தரப்பு. ஒரு சொல்லின் எல்லை யாது என்னும் இவ்வினா உண்மையில் வாதத்திற்கு உரியதே. இருபாலும் ஏதுக்கள் உள. ஆயினும் வாதம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திற்குச் சென்றது. ஏதுவை வெட்டவேண்டிய இடத்தில் மானநட்ட வழக்கு வந்து நின்றது. இராமலிங்க அடிகள் தண்டனையின்றி விடப்பட்டார். இருவரும் சிவபெருமானுக்கே தம்மை ஒப்புவித்தவர். இருவர் பெயரையும் இன்று ஒரே கோயிலில் ஒரே அன்பர் போற்றக் காணலாம். இவர்கள் காலத்தின் பின்னரும் அப்போர் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுப்புத் தரப்பில் ‘மாயாவாத தும்சகோளரி’ என்னும் பட்டமுடைய நா. கதிரைவேற்பிள்ளையும், அருட்பாத் தரப்பில் இசுலாமியராகிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் நின்று வாதிட்டனர். சைவர் தம் பூசலில் ஓர் இசுலாமியப் புலவர் அருட்பாவின் சுவையை எடுத்துரைத்தமை பெருமைக்குரிய செய்தி. ஆனால் அக்காலத்துத் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றுள், இன்னார் குலம் இன்னது, இன்னார் நடை இன்னது என்னும் பேச்சு ஏதுவின் இருக்கையைக் கவர்ந்துகொண்டது. கௌதமரைக் கேட்பின், எழுதினார் தோல்வித்தானம் எய்தினார் என்றே கூறியிருப்பர். கண்டனம் என்னுஞ் சொல்லின் மேற் படிந்த கறையிற் பெரும்பங்கு இப்பிரசுரங்களால் வந்தது.

பின்னர் அரசியல் இயக்கங்கள் பெருகின. கண்டனக்கூட்டம், கண்டன ஊர்வலம், கண்டனத் தீர்மானம் என்பன செய்தித்தாள்களின் அன்றாட மொழியாயின. ஆளுவோர் செயலைப் பொதுமக்கள் வெறுத்தமையை அறிவித்தற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, இச்சொல் அகப்பட்டது. கூட்டத்தில் எதிரி இல்லை, அவன் கூற்றை எடுத்துரைப்பாருமில்லை, கைதூக்குதலே முடிவு. இவ்வாறு ஏது கழிந்து வெறுப்பு மாத்திரம் சொல்லில் எஞ்சியது. அலுவலக மொழியிலோ அது மேலும் ஒரு மாற்றம் எய்தியது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்க்கு விதிக்கப்படும் சிறு தண்டனைகளுள் ஒன்றன் பெயர் ‘கண்டனம்’. பதிவேட்டில் ஏறி நிற்பது. வாதியின் கருவி அதிகாரியின் தண்டனையாயிற்று. ஆயினும் பழம்பொருளின் நிழல் ஓரிடத்தில் தங்கியுள்ளது. இந்தியப் பாராளுமன்ற முறைப்படி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்வார் காரணம் கூறவேண்டுவதில்லை; கண்டனத் தீர்மானம் கொணர்வாரோ இன்ன குற்றத்திற்காக என்று காரணத்தைத் தீர்மானத்திலேயே குறித்தல் வேண்டும். அருணந்தியாரையும் கௌதமரையும் அறியாத அவ்விதி, ஏதுவின்றிக் கண்டனம் இல்லை என்பதை எங்ஙனமோ காத்துநிற்கின்றது.

சொல் திரிந்ததனால் விளைந்த இழப்பு பரபக்கத்தின் நிலையிற் புலனாகும். சித்தியார் பயில்வோருட் பலர் சுபக்கத்தொடு நின்றுவிடுகின்றனர். சுபக்கத்திற்கு உரைகள் பலவாகவும், பரபக்கத்தின் உரைகளை நாடுவார் சிலரே. பிறமத கண்டனம் சாந்தம் விரும்புவார்க்கு எதற்கு என்பதே பெரும்பாலார் கூறும் காரணம். சாந்தம் நன்றே, ஆனால் அப்பகுதியின் முந்நூற்றொரு செய்யுளில் வைதல் தேடுவார் ஏமாறுவர். ஆண்டு உள்ளது பதினான்கு கொள்கைகளின் சுருக்கம். அவற்றுட் சில தம் வாயால் தம்மைக் கூறும் ஆற்றலை இழந்தன. ஆசீவகர் செய்தி அத்தகையது. புத்தர் காலத்துத் தோன்றி வடநாட்டில் மங்கிய அச்சமயம் தென்னாட்டில் நெடுங்காலம் நின்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் அவர்மேல் விதித்தது என ஆராய்ச்சியாளர் கொள்ளும் ஒருவகை இறையும் காணப்படும். அவர்தம் நூல் ஒன்றேனும் இன்று இல்லை. 1951 இல் அவர் வரலாற்றையும் கோட்பாட்டையும் ஆராய்ந்து பெருநூல் வெளியிட்ட ஆங்கிலப் பேராசிரியர் ஏ. எல். பாஷம், வடமொழி பாலி பிராகிருத நூல்களோடு தமிழினின்றும் மூன்று நூல்களைச் சான்றாகக் கொண்டார். மூன்றும் ஆசீவகரை மறுத்தோர் நூல்கள்: பௌத்தருடைய மணிமேகலை, சமணருடைய நீலகேசி, சைவருடைய சிவஞானசித்தியார்ப் பரபக்கம்.